வடித்து வைத்த மை

சாப்பிடும் மையைத் தினமும் கொஞ்சமாவது ஓடவிட வேண்டும். பிரிண்டர் வாங்கும் பெண்கள் யாரும் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேக் ஆர்டர் வந்தால் துணியை விலக்கி இயந்திரத்தை எழுப்புவார்கள், வராவிட்டால் அது பாட்டுக்குத் தூங்கும். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் மை துளைகளில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, கேக்குக்கு அச்சடிக்கும் மணமகளின் முகத்தில் கோடு கோடாக விழும். உடனே எனக்குப் போன் வரும். "காம்ஷாத் அக்கா, ஒரு எட்டு வந்து பாருங்களேன்." ஷிம்கென்டில் எங்கள் பக்கம் வீட்டில் கேக் செய்யும் பெண்கள் எல்லோருக்கும் என் நம்பர் மனப்பாடம்.

நீங்கள் முதலில் கேட்டது மையைப் பற்றி என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன், தம்பி. கேக்கின் மேல் படம் அச்சடிப்பதற்கென்று தனி இயந்திரம் வாங்க எங்களுக்கு வசதி கிடையாது. வீட்டில் பிள்ளைகள் பாடம் அச்சடிக்கிற, பக்கத்தில் மைத்தொட்டி வைத்த சாதாரணப் பிரிண்டரைத்தான் வாங்குவோம். அதோடு வரும் மை காகிதத்துக்கானது, வயிற்றுக்கானது அல்ல. அதை முழுக்க வடித்துவிட்டுச் சாப்பிடும் மையை ஊற்ற வேண்டும். முதலில் தொட்டிகளைச் சிரிஞ்சு வைத்து உறிஞ்சிக் காலி செய்வேன். பிறகு குழாய்களில் நிற்பதை இழுப்பேன். அதற்குப் பிறகு கழுவும் திரவத்தை விட்டு, பிறகு சுத்தத் தண்ணீரை விட்டு, வெள்ளைத்துணியில் சொட்டினால் கறை தெரியாத வரைக்கும் ஓட்டுவேன். பாதி பேர் இரண்டு தடவை கழுவிவிட்டுப் போதும் என்பார்கள். நான் அப்படி விட்டதே இல்லை. சின்னப் பிள்ளைகள் தின்கிற பொருள் அது. காகித மைக்கு ஒரு சிரிஞ்சு, சாப்பிடும் மைக்கு ஒரு சிரிஞ்சு, இரண்டையும் ஒரே பெட்டியில்கூட வைக்க மாட்டேன். என்னை விசாரித்தீர்களானால் ஊரில் எல்லோரும் இதையே சொல்வார்கள்.

வடித்த மையை நான் கொட்டுவதில்லை. சாக்கடையில் விட்டால் கறை போகாது, தோட்டத்தில் விட்டால் செடி கருகிவிடும். கொட்டகையில் நிறத்துக்கு ஒரு ஜாடி வைத்திருக்கிறேன். பல வருஷத்து மை, பல கம்பெனி மை, துளை கழுவின திரவம், எல்லாம் அதில்தான் சேரும். அவற்றை நேற்று நீங்கள் எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். மூடியைச் சரியாக மூடி வையுங்கள், வாசனையே தலைவலி கொடுக்கும்.

மர்ஜான் என் ஓரகத்தி. என் கணவர் ஒராஸின் தம்பி குவாத்தின் மனைவி. அவள் கல்யாணமாகி வந்தபோது தலையில் முக்காட்டைக் கட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனதே நான்தான். சிரித்த முகம், வேலைக்குச் சளைக்காதவள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று நினைத்தேன். வந்த வேகத்தில் இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டரும் போகாத புனிதத் தலமும் பாக்கி இல்லை. மூன்றாவதாக அவள் வயிற்றில் இருந்தபோது, மாமியாரின் சமையலறையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தோம். யாரும் கேட்காமல் அவளாகத்தான் சொன்னாள்.

"அக்கா, இது உங்களுக்கு."

நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். மாமியார் மாவுக் கையோடு எங்கள் இருவரையும் அணைத்துக்கொண்டார்.

பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கூடப்பிறந்தவன் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை போவது எங்களுக்குள் புதிதல்ல, இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முறைப்படிதான் செய்தார்கள். ஆடு அறுத்தார்கள். பெரியவர்களைக் கூட்டினார்கள். எல்லோரும் பார்க்க, மாமியார் குழந்தையை என் அங்கியின் கீழ் மடிப்பு வழியாக உள்ளே விட்டு, நான் பெற்றெடுத்தது போல வெளியே எடுத்தார். தத்துக்குச் சாட்சியாக ஆட்டின் கணுக்கால் எலும்பை அவன் கையில் திணித்தார்கள். மூடின கையை அவன் திறக்கவே இல்லை. தௌலெத் என்று பெயர் வைத்தது நான். அன்றிலிருந்து அவன் என் பிள்ளை, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

குறைமாதத்தில் பிறந்தவன். ஒரு சிறுநீரகம் பிறக்கும்போதே சுருங்கிப்போய் இருந்தது, இன்னொன்றும் பிரமாதம் இல்லை. எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். உப்பு குறைவாகக் கொடு, சாயம் போட்ட மிட்டாய் கொடுக்காதே, காய்ச்சலுக்குக்கூடக் கேட்காமல் மாத்திரை கொடுக்காதே என்று டாக்டர் சொன்னது எல்லாம் என் விரல் நுனியில் இருக்கும். மர்ஜானுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவள் எப்போதாவது வந்து, "என்ன இது, வெளுத்துப் போயிருக்கான்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். அவனுக்கு அவள் சித்தி. நான் அம்மா. ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தது.

இந்த வசந்தத்தில் அவனைத் திரும்பக் கேட்டதையும் மாமியார் வீட்டில்தான் செய்தார்கள். நல்ல விருந்து. பொரித்த பௌர்சாக் மாவு உருண்டைகள் குவியலாக இருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அக்கா, பள்ளிக்கூடத்துல பேர் குடுக்கணும்" என்றாள் மர்ஜான். "பெத்தவங்க பேரு கேக்குறாங்க. குவாத்தும் சொல்றாரு, இனிமே அவன் எங்ககிட்டயே இருக்கட்டும்னு. அண்ணனுங்க ரெண்டு பேரும் இருக்கானுங்க, சேர்ந்து போய்ட்டு வருவான்."

"குடுத்த பிள்ளைடி அது" என்றேன்.

"குடுத்தேன்தான், இல்லன்னு சொல்லல. இப்ப மனசு கேக்க மாட்டேங்குது. தூங்கவே முடியல அக்கா. நான் என்ன பண்ண?"

நான் மாமியாரைப் பார்த்தேன். என் அங்கிக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்தவர் அவர். தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் ஒரே வீடு மாதிரிதானேம்மா. எங்க இருந்தா என்ன." என் கணவரைப் பார்த்தேன். அவர் ரொட்டித் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தி வைத்தார். நான் வருவதற்கு முன்பே அவர்கள் எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள் என்பது அந்த ரொட்டித் தட்டிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். அறுக்கிறவர்கள் இவ்வளவு மென்மையாகப் பேசுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது மர்ஜான் என் தோளில் ஒரு புதுச் சால்வையைப் போர்த்தி, கையில் வெள்ளி வளையலை மாட்டிவிட்டாள். "வளர்த்ததுக்கு" என்றாள். ஆயாவைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது போல இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் ஊரே என்னைத்தான் பொல்லாதவள் என்றிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஒராஸிடம், "நீங்களுமா?" என்று கேட்டேன். "என் தம்பி மேல கேஸா போட முடியும்? விடு, நடந்து போற தூரம்தானே" என்றார். நடந்து போகிற தூரம்தான். ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போனதற்கே மர்ஜான் வாசலில் நின்று, "அக்கா, நீங்க அடிக்கடி வந்தா அவன் எங்களோட ஒட்ட மாட்டேங்குறான், கொஞ்ச நாள் விட்டுப் பிடிங்களேன்" என்றாள். அவளைப் பார்த்து அம்மா என்று சொல்லப் பழக்கினார்கள். என்னைப் பெரியம்மா என்று சொல்லப் பழக்கினார்கள். முதல் தடவை அவன் "அம்" என்று ஆரம்பித்து, மர்ஜானைத் திரும்பிப் பார்த்து, மிச்சத்தை விழுங்கிவிட்டு, "பெரியம்மா" என்றான். அந்த விழுங்கலை நான் மறக்கவில்லை. மற்றதையெல்லாம் மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதே வாரம் மர்ஜான் சொந்தமாக ஒரு பிரிண்டர் வாங்கினாள். அதுவரை அவள் செய்யும் கேக்குகளுக்கு நான்தான் தின்னக்கூடிய சர்க்கரைத் தாளில் படம் அச்சடித்துக் கொடுத்து வந்தேன். இனி என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தாளாம். ஆனால் மையை மாற்றிக் கொடுக்க மட்டும் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் போனேன், மாற்றினேன், வெள்ளைத்துணியில் கறை தெரியாத வரைக்கும் கழுவினேன். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. தினமும் ஓடவிட வேண்டும் என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். எப்போதாவது அது அடைத்துக்கொள்ளும், அப்போது அவள் என்னைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்று இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் கடைசியில் கூப்பிட்டாள். தௌலெத் பள்ளியில் சேர்வதற்கான திலாஷார் விருந்து, ஊரில் பாதி பேரை அழைத்திருந்தாள்.

"அக்கா, படம் பூரா கோடு கோடா வருது. நாளைக்கு விருந்து. புள்ள மூஞ்சி வரிக்குதிரை மாதிரி இருக்கு. நீங்க வரலைன்னா நான் செத்தேன்."

வருகிறேன் என்றேன். பையில் வழக்கமான சாமான்களோடு நான்கு புட்டிகளையும் எடுத்துக்கொண்டேன். சாப்பிடும் மை வருகிற புட்டிகள்தான், லேபிளும் அதுதான். உள்ளே இருந்தது ஜாடி மை. அவற்றை நான் எப்போது நிரப்பினேன் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள், எனக்கு ஞாபகமில்லை என்றேன். அது பொய். சால்வை போர்த்திவிட்ட மறுநாளே நிரப்பி வைத்துவிட்டேன். ஊற்றப் போவதாக அப்போது முடிவெடுக்கவில்லை. இருக்கட்டும் என்று வைத்தேன்.

அவள் சமையலறை ஜன்னலோரத்தில் பிரிண்டர் இருந்தது. தௌலெத்தை அண்ணன்களோடு முடிவெட்ட அனுப்பியிருந்தாள். நான் தரையில் பழைய துணியை விரித்து வேலையைத் தொடங்கினேன். அவள் க்ரீம் அடித்துக்கொண்டே பேசினாள். எனக்குப் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், ஆற ஆற மாற்றிக் கொடுத்தாள்.

"மை மாத்தணுமா அக்கா? வெறும் அடைப்புதானே?"

"பழைய மை கெட்டிப்பட்டுப் போச்சு. பூரா வடிச்சாத்தான் சரியா வரும்."

"உங்களுக்குத் தெரியாததா. நான் இதைத் தொட்டாலே குவாத் திட்டுறாரு, கைய வச்சிக்கிட்டு சும்மா இருன்னு." அவள் சிரித்தாள். எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்பது போன்ற சிரிப்பு. பிறகு க்ரீம் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அக்கா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, தெரியுமா."

என் மேல் அவளுக்குக் கோபம் இல்லையாம். நான் சிவப்புத் தொட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

நல்ல மையை முழுக்க வடித்தேன். அது பழுதில்லாத மைதான், ஒரு தடவை கழுவியிருந்தால் துளைகள் திறந்திருக்கும். வடித்ததைப் புட்டியில் சேர்த்து மூடினேன். பிறகு கொண்டுபோனதை ஊற்றினேன். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். சிந்தாமல்தான் ஊற்றினேன். காகிதத்தில் ஓட்டிப் பார்த்தேன், கோடு போய்விட்டது. சர்க்கரைத் தாளை வைத்தேன். தௌலெத்தின் முகம் நெற்றியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்ன வில் முடிச்சு டை, போட்டோ எடுக்கிறவர் சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு. சாப்பிடும் மையில் கன்னம் எப்போதும் கொஞ்சம் சோகையாகத்தான் வரும். இதில் ரத்தம் ஓடுகிற மாதிரி வந்தது. இவ்வளவு அழகான படம் என் கையில் வந்ததில்லை.

மர்ஜான் க்ரீம் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், மாட்டேன்னு சொல்லாதீங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவனுக்குப் பள்ளிக்கூடப் பைய நீங்க மாட்டி விடுங்க. அது அம்மா செய்யறது. நீங்கதான் செய்யணும். நான் உங்களுக்குப் பண்ணது சரியில்லன்னு எனக்கே தெரியும். அவன் ராத்திரி ராத்திரி உங்களத்தான் கேக்குறான். வாரத்துல பாதி நாள் உங்ககிட்ட இருக்கட்டும்னு குவாத்துகிட்ட சொல்லியிருக்கேன்."

நீங்கள் இந்த இடத்தில் நிறுத்தி, அப்போதாவது அந்தத் தாளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்று, அவள் ஒரு தடவை கொடுத்ததைத் திரும்ப வாங்கியவள். வாரத்தில் பாதி நாள் என்று இன்று சொல்வாள், நாளைக்கு மனசு கேட்கவில்லை என்பாள். இன்னொன்று, படம் அச்சாகிவிட்டது. அச்சான தாளை வீணாக்குவது என் வழக்கம் இல்லை.

"பைய நீயே மாட்டு" என்றேன். "பெத்தவ நீ."

அவள் முகம் வாடிப்போனது. என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

விருந்துக்கு நான் போகவில்லை. தலைசுற்றல் என்று சொல்லி ஒராஸை மட்டும் அனுப்பினேன். என் கணக்கு சாதாரணமானது. சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் புரட்டும், வாந்தி எடுப்பார்கள். மர்ஜான் கேக் என்றாலே ஊர் முகத்தைச் சுளிக்கும். சொந்தப் பிள்ளை விருந்திலேயே ஊருக்கு விஷம் வைத்தவள், இவளிடம் நோயாளிப் பிள்ளையை எப்படி விடுவது என்று மாமியாரே சொல்வார். அவர் அப்படித்தான், காற்று அடிக்கிற பக்கம் சாய்கிறவர். பிள்ளை என்னிடம் வந்துவிடும். தௌலெத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் கேக் சாப்பிட மாட்டான். க்ரீம் பட்டாலே உமட்டும். இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

சர்க்கித்தை மட்டும் நான் நினைக்கவில்லை. நீங்களும் விருந்துக்குப் போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பங்கு கட்டிக்கொண்டு வருகிறவர்தானே. வீட்டில் தலைசுற்றலோடு ஒருத்தி படுத்திருக்கிறாள் என்றால் அவளுக்கு முதலில் கட்டுவார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு யாரும் எதுவும் கொண்டுவருவார்கள் என்ற நினைப்பே அந்தக் கோடையில் என்னிடம் இல்லாமல் போயிருந்தது.

மத்தியானம் வாசல் கதவு தட்டாமலே திறந்தது. தௌலெத். புதுக் கோட்டு, முதுகில் பை, வில் முடிச்சு காதுக்குக் கீழே போயிருந்தது. இரண்டு கையாலும் ஒரு துணிப் பொட்டலத்தைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். விருந்திலிருந்து யாருக்கும் சொல்லாமல் ஓடி வந்திருந்தான்.

"அம்மா" என்றான். மிச்சம் மீதி விழுங்காமல், முழுசாக. "உனக்குத் தலை சுத்துதாமே."

"இப்ப இல்லடா."

"சர்க்கித் கொண்டாந்தேன். மூஞ்சிய யாருக்கும் வெட்டிக் குடுக்கக் கூடாது, எங்க அம்மாவுக்குன்னு சொல்லிட்டேன். சித்தி அழுதுட்டே வெட்டிக் குடுத்தாங்க." சித்தி என்றுதான் சொன்னான்.

மேசையில் பொட்டலத்தைப் பிரித்தான். அவன் முகம் முழுசாக இருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் க்ரீம் நசுங்கியிருந்தது. எவ்வளவு கவனமாகக் கொண்டுவந்திருக்கிறான் பாருங்கள். வெயிலில் அவ்வளவு தூரம்.

"சாப்பிடும்மா."

"பல்லு வலிக்குதுடா. அப்புறம் சாப்பிடறேன்."

"சர்க்கித்த வேணாங்கக் கூடாது. நீதான சொல்லுவ."

நான்தான் சொல்லியிருக்கிறேன். கொண்டுவந்தவர் மனம் நோகும் என்று. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு கொஞ்சம் நடுங்கத் தொடங்கியது. நான் அந்தப் பொட்டலத்தை வாங்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். கைதவறிக் கீழே தள்ளியிருக்கலாம், கேக்தானே. போட்டிருந்தால் போய்ச் சொல்லியிருப்பான், அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க என்று. அன்று மாலையே ஊரெல்லாம் வாந்தி எடுக்கும்போது, ஏன் போட்டாள் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கும். அதெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. நான் நிதானமாக யோசிக்கிறவள்.

"நான் பாதி, நீ பாதி" என்றான் அவன். "நீ ஊட்டு."

"நீ க்ரீம் சாப்பிட மாட்டியே" என்றேன்.

"படத்த மட்டும்."

ஆமாம், அவன் கேக்கைத் தொட மாட்டான், மேலே இருக்கிற படத்தாளை மட்டும் உரித்துத் தின்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, வெட்டிப்போட்ட ஓரங்களையெல்லாம் கெஞ்சி வாங்குவான். அதில் சாயம் இருக்கிறது என்று நான் ஒன்று மட்டும் கொடுப்பேன். படத்தாள் என்பது வேறு, கேக் என்பது வேறு. அவன் கேக் சாப்பிட மாட்டான் என்று முன்னால் சொன்னது பொய் இல்லை.

தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, க்ரீமை வழித்துவிட்டு, சுருட்டினேன். ஊட்டினேன். நெற்றி, கண், கன்னம் என்று கொஞ்சம் கொஞ்சமாக. "என் மூக்க நானே தின்னுட்டேன்" என்று சிரித்தான். நாக்கெல்லாம் நீலமாக இருந்தது. என் பாதியையும் அவனுக்கே கொடுத்தேன். எனக்குத்தான் பல் வலி. பிறகு வெந்நீரில் வாயைத் துடைத்து, வில் முடிச்சை நேராக்கி, தேடுவார்கள், போ என்று அனுப்பினேன். வாசலில் திரும்பிக் கையை ஆட்டினான்.

மற்ற பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், நல்லது. அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. தௌலெத் இன்னும் கண் திறக்கவில்லை என்கிறீர்கள். உடம்பிலிருந்து ரத்தத்தைக் குழாய் வழியாக எடுத்து, கழுவி, மறுபடி உள்ளே விடுகிறார்களாம். அந்த வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் புரியும். அவசரப்படாமல் செய்யச் சொல்லுங்கள். ஊசி குத்தும்போது அவன் இடது கையைக் கொடுக்க மாட்டான், வலது கையைக் கேட்டால் கொடுப்பான்.

நான் ஏன் நேற்று நானாகவே இங்கே வந்தேன் என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை. மர்ஜானைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தீர்கள். அவளும் எதையும் மறுக்கவில்லை. என்னைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, மை மாற்றியதைக்கூட அவள் சொல்லவில்லை என்கிறீர்கள். அக்கா எனக்குக் கெடுதல் செய்ய மாட்டாள் என்றாளாமே. நான் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன், தெரியும். முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உங்கள் ஆட்கள் அவளைப் பிள்ளையைப் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னாள்: "என் புள்ளைக்கு என் கையாலயே குடுத்துட்டேனே. பெத்த தாயே குடுத்துட்டேனே." நர்சுகள் அவளைத் தாய் என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம், "நீ வீட்டுக்குப் போம்மா, இங்க அம்மாவ மட்டும்தான் விடுவாங்களாம்" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை, தம்பி. அவள் வெட்டித் துணியில் கட்டினாள், அவ்வளவுதான். அவள் கையால் அவன் ஒரு வாய் வாங்கவில்லை. மை நான் மாற்றியது. தாள் நான் உரித்தது. அவன் வாயைத் திறந்தது எனக்கு. இதையெல்லாம் எழுதி, ஆஸ்பத்திரியில் அம்மா பெயர் கேட்கிற இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.